புல்லுக்கு வாடகை கட்டும் குத்தகைதாரர்: அயோவாவில் நிலம் வாங்கப் போகும் நண்பருக்கு

கேள்வி: ஐயா, நான் அயோவா மாநிலம் டி மொயின் நகரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்துவிட்டது. சொந்த ஊர் காங்கேயம் பக்கம்; அப்பா இன்றும் விவசாயம் பார்க்கிறார். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, தெற்கு அயோவாவில் மிசௌரி எல்லையை ஒட்டிய ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) 120 ஏக்கர் வாங்கலாம் என்று பேசி வருகிறோம். விலை ஏக்கருக்கு 6,000 டாலர். அதில் 74 ஏக்கர் புல்லாகக் கிடக்கிறது. சிஆர்பி (கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், அதாவது நிலத்தை உழாமல் காக்கும் திட்டம்) என்ற அரசுத் திட்டத்தில் 2020 அக்டோபரிலிருந்து 2030 செப்டம்பர் வரை அது இருக்கிறதாம். ஆண்டுக்கு ஏக்கருக்கு 165 டாலர் வரும். 30 ஏக்கர் பக்கத்து விவசாயிக்குக் குத்தகை, ஏக்கர் 200 டாலர். மீதி 16 ஏக்கர் மரமும் ஓடையும். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அக்டோபர் வந்தால் பணம் வந்துவிடும்" என்கிறார் தரகர். எங்களில் ஒருவர் இன்னும் எச்1பி விசாவில் இருக்கிறார். 2030க்குப் பிறகு புல்லை உழுது மக்காச்சோளம், சோயாவுக்கு விட்டால் வருமானம் கூடும் என்றும் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். "உழுகாமப் போட்டதுக்கு எவனாச்சும் பணங் குடுப்பானா கண்ணு? நல்லா விசாரி" என்றார். வாங்கலாமா?

பதில்: உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் தரகர் சொன்னதில் எது தப்பு என்பது அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

உழாமல் போட்டதற்கு இங்கே யாரும் பணம் தருவதில்லை. அந்த 74 ஏக்கரை அமெரிக்க அரசு குத்தகைக்கு எடுத்திருக்கிறது. குத்தகைதாரர் கேட்கும் விளைச்சல் மக்காச்சோளமோ சோயாவோ அல்ல. மண் அசையாமல் இருக்க வேண்டும், ஓடைத் தண்ணீர் தெளிவாகப் போக வேண்டும், காடையும் பூச்சியும் குஞ்சு பொரித்து வாழ இடம் வேண்டும். அந்த விளைச்சலை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு நிலத்துக்காரருடையது. அதாவது, வாங்கினால் உங்கள் நால்வருடையது. மானியம் என்று எல்லோரும் சொல்வதால்தான் சும்மா வரும் பணம் என்ற நினைப்பு வருகிறது. காகிதத்தில் அதற்கு ஆண்டு வாடகை என்றுதான் பெயர். அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இதை விளக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக்காரருக்குக் கொறங்காடு தெரியாமல் இருக்காது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். வெளியூர்க்காரன் பார்த்தால் தரிசு என்பான். ஊர்க்காரருக்கு அது காடு, அதற்கு ஒரு பராமரிப்பு உண்டு, எப்போது மாட்டை விடுவது எப்போது அடைப்பது என்று கணக்கு உண்டு. உங்கள் 74 ஏக்கரும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இங்கே மாடு விடவும் அனுமதி கேட்க வேண்டும்.

இந்தத் திட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களில் பெருவறட்சியில் நடுச்சமவெளியின் உழுத நிலமெல்லாம் புழுதியாகக் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று கிளம்பிய புழுதிச் சுவரால் பட்டப்பகல் இருண்டுபோனது. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே இன்றும் சொல்கிறார்கள். அதே மாதம் மண்வளப் பாதுகாப்புக்கென்று தனித்துறைக்குச் சட்டம் வந்தது. 1956இல் 'மண் வங்கி' என்று ஒரு திட்டம் போட்டு நிலத்தை உழவிலிருந்து விலக்கினார்கள். பிறகு 1970களில் தானிய விலை ஏறியது. வேலி முதல் வேலி வரை உழு என்ற காலம் அது. சரிவு, மேடு, ஓடைக்கரை எல்லாம் கலப்பைக்குப் போயின. 1980களில் விலை சரிந்தபோது விவசாயி கடனிலும் மண் ஓடையிலும் கிடந்தன. அந்த நிலையில் 1985 டிசம்பரில் நிறைவேறிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்ததுதான் சிஆர்பி. 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம், புல் விதைத்த செலவில் பாதி வரை அரசு, ஆண்டுதோறும் வாடகை. 2007இல் நாடு முழுக்க ஏறத்தாழ 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இதில் இருந்தது, அதுதான் உச்சம். அடுத்த சில ஆண்டுகளில் மக்காச்சோள விலை ஏறியதும் ஒப்பந்தம் முடிந்த நிலங்களை மளமளவென்று உழுதார்கள். நாடாளுமன்றமும் உச்சவரம்பைக் குறைத்தது. 2018 வேளாண் சட்டப்படி அது 2 கோடியே 70 லட்சம் ஏக்கர்.

நீங்கள் சொல்லும் தெற்கு அயோவா இதற்கென்றே அமைந்த பூமி. மாநிலத்தின் நடுப்பகுதியைப் போல மேசை மாதிரி சமதரை கிடையாது. ஏற்ற இறக்கமான குன்றுகள், அடியில் களிமண், மேலே மெல்லிய கறுப்பு மண். நான் மண்வளப் பாதுகாப்புத் திட்டம் எழுதித் தரும் வேலையில் பல ஆண்டுகள் அந்தப் பக்கம் சுற்றியிருக்கிறேன். ஜூன் மாத மழைக்கு மறுநாள் ஒரு வேலி ஓரம் நின்றது நினைவிருக்கிறது. இடது பக்கம் சோயா, விரற்கடை உயரம். சரிவெல்லாம் விரல் தடிமனில் வாய்க்கால் விழுந்து, கீழே வேலி முக்கில் கொழகொழவென்று வண்டல் சேர்ந்திருந்தது. தண்ணீர் பால் ஊற்றிய காபி நிறத்தில் ஓடியது. வலது பக்கம் ஏழெட்டு ஆண்டுப் புல். பெரிய நீலத்தண்டுப்புல், இந்தியப்புல், இடையிடையே மஞ்சள் பூ. அதற்குள் கையை விட்டுத் தரையைத் தொட்டேன். பஞ்சு மாதிரி ஈரம், ஓட்டமே இல்லை. ஒரே மழை, ஒரே சரிவு. அந்தப் புல்லின் வேர் ஆறேழு அடிக்கும் கீழே போகும். அரசு வாடகை கொடுப்பது அந்த வேருக்குத்தான். இங்கே கரையும் மண்ணும் உரமும் ஓடை, ஆறு, மிசிசிப்பி என்று மெக்சிகோ வளைகுடா வரை போகின்றன. அங்கே ஒவ்வொரு கோடையிலும் பிராணவாயு அற்ற நீர்ப்பரப்பு ஒன்று உருவாகி மீனும் இறாலும் விலகிப் போகின்றன.

இனி "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்ற பேச்சு. செய்யக்கூடாத காலமும் உண்டு, செய்தே ஆக வேண்டிய வேலையும் உண்டு. இரண்டும் ஒப்பந்தத்தோடு சேர்ந்த பாதுகாப்புத் திட்டத்தில் எழுதியிருக்கும்.

செய்யக்கூடாத காலம்: அயோவாவில் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை பறவைகள் கூடு கட்டும் பருவம். அந்த நாட்களில் முன் அனுமதி இல்லாமல் புல்லில் அறுவை இயந்திரம் இறங்கக்கூடாது. நகரத்தில் குடியிருந்துகொண்டு நிலம் வாங்கிய ஒருவர், ஜூலை 4 விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறோம், இடம் சுத்தமாக இருக்கட்டும் என்று பதினைந்து ஏக்கரை ஒட்ட வெட்டச் சொல்லிவிட்டார். அவர் மனதில் கெடுதல் ஒன்றும் இல்லை. வீட்டுப் புல்தரையை வாராவாரம் வெட்டிப் பழகிய கை. ஆனால் விதிமீறல் விதிமீறல்தான். அதைச் சரிக்கட்ட அவர் அலைந்த அலைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தப் புல்லுக்குள் கூடு கட்டியிருந்த கோழிக்காடைகளுக்குச் சரிக்கட்ட வழியில்லை.

செய்ய வேண்டிய வேலை: களையும் மரக்கன்றும் ஏறாமல் பார்ப்பது. ஈஸ்டர்ன் ரெட் சீடர் என்ற ஊசியிலை மரம் தெற்கு அயோவாவின் தீராத தலைவலி. பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கும். முழங்கால் உயரத்தில் இருக்கும்போது ஒரு முறை வெட்டு இயந்திரம் ஓட்டினால் போதும். அடிமரம் கை தடிமன் ஆனபின் ரம்பம் வேண்டும், ஆள் வேண்டும், ஒவ்வொரு மரமாக நிற்க வேண்டும். ஒப்பந்தத்தின் நடுவில் புல்லைப் புதுப்பிக்கும் வேலையும் உண்டு. கட்டுப்படுத்திய தீ வைப்பது, லேசாகக் கொத்திவிட்டுப் பூச்செடி விதைப்பது என்று திட்டத்தில் எது எழுதியிருக்கிறதோ அது. உங்கள் ஒப்பந்தம் பாதி கடந்துவிட்டது. விற்பவர் அந்த வேலையை முடித்திருக்கிறாரா? முடிக்கவில்லை என்றால் செலவு உங்கள் தலையில் வந்து விழும்.

இன்னொரு களையைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறேன்: பாமர் அமராந்த். நம் தண்டுக்கீரையின் உறவு. ஆனால் ஒரு செடி லட்சக்கணக்கில் விதை உதிர்க்கும், பல களைக்கொல்லிகளுக்கு மசியாது. 2016இல் இந்தப் பாதுகாப்புத் திட்டங்களுக்காக வாங்கிய புல், பூ விதைக் கலவையோடு கலந்தே அது அயோவாவின் பல கவுண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. நல்லது செய்யப் போய் வந்த வினை. புல் விதைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நிலத்தைச் சுற்றி நடந்து பார்த்தவர்கள் கையால் பிடுங்கி முடித்தார்கள். ஆகவே விதைத்தது எந்த ஆண்டு, விதை எங்கே வாங்கியது, ரசீது இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இது அதிகப்படியான கேள்வி இல்லை.

ஒப்பந்தத்தை மீறி அது ரத்தானால், தொடக்கத்திலிருந்து கொடுத்த வாடகையை வட்டியோடு திரும்பக் கேட்க அரசுக்கு உரிமை உண்டு. புல் விதைக்கக் கொடுத்த பங்குத் தொகையும் சேரும். அதற்கு மேல் ஓராண்டு வாடகையில் 25 சதவீதம் இழப்பீடு. உங்கள் கணக்கில் ஓராண்டு வாடகை 12,210 டாலர். ஐந்து ஆண்டு என்றால் 61,050. நீங்கள் வாங்குவதற்கு முன் விற்பவர் வாங்கிய பணத்துக்கும் உங்கள் பொறுப்பு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை, இந்தத் திட்டத்தை நடத்தும் கவுண்டிப் பண்ணைச் சேவை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நிலம் கை மாறியதும் ஒப்பந்தம் தானாக உங்கள் பெயருக்கு வராது. நீங்கள் அந்த அலுவலகத்துக்குப் போய், விற்றவருக்கு அடுத்த உரிமையாளராக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு 60 நாள் கெடு. போடாவிட்டால் ஒப்பந்தம் முறிந்து, விற்றவர் பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வரும். அதனால் விற்பனைப் பத்திரத்தில், வாங்குபவர் ஒப்பந்தத்தை ஏற்றே ஆக வேண்டும், மீறினால் இழப்பு அவருடையது என்று ஒரு வரி இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நடு ஆண்டில் வாங்கினால் அந்த அக்டோபர் வாடகை யாருக்கு என்பதையும் அதே பத்திரத்தில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

எச்1பி நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் தூக்கிவாரிப் போட்டது. அயோவா சட்டப்படி, குடிமகனும் அல்லாத, கிரீன் கார்டும் இல்லாத ஒருவர் இந்த மாநிலத்தில் விவசாய நிலம் வாங்க முடியாது. விவசாயம் அல்லாத பயன்பாட்டுக்கு மாற்றுவது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் திட்டம் அவற்றில் அடங்காது. அவர் பல ஆண்டுகளாக இங்கே வரி கட்டி வாழ்கிறார் என்பது இதில் கணக்கில் வராது. எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனம்) ஒன்று போட்டு அதற்குள் அவரைப் பங்காளியாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த இடத்திலேயே நின்று அயோவா நிலச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். எல்எல்சி நிலம் வைத்திருப்பதற்கே இந்த மாநிலத்தில் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

எல்லை தாண்டி மிசௌரிப் பக்கம் வாங்கலாமே என்று தோன்றும். அங்கே சட்டம் வேறு. ஆனால் மத்திய விதி எங்கும் ஒன்றுதான். எச்1பியில் இருப்பவர் அயல்நாட்டவர் கணக்கில் வருவார். நிலம் வாங்கிய 90 நாளுக்குள் வேளாண் துறைக்கு அறிவிக்க வேண்டும். 1978இல் வந்த சட்டம் அது. தவறினால் அபராதம் நிலத்தில் அவர் பங்கின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். சிஆர்பி வாடகையிலும் அவர் பங்குக்குத் தகுதி கிடைக்காது. அயல்நாட்டவருக்குத் தகுதி வேண்டுமென்றால் நிலம், முதல், கணிசமான சொந்த உடலுழைப்பு மூன்றும் போட வேண்டும். எச்1பி விசாவில் இருப்பவர் பண்ணையில் உழைக்கப் போனால் விசாவுக்கே ஆபத்து. நண்பரிடம் நீங்களே மனம் விட்டுப் பேசிவிடுங்கள். கிரீன் கார்டு வந்தபின் சேர்ந்துகொள்ளட்டும். நட்புக்காக இன்று பெயரைச் சேர்த்தால் அவருக்குத்தான் முதல் அடி விழும்.

இனிப் பணக் கணக்கு. 120 ஏக்கருக்கு 7,20,000 டாலர். வருவது: புல்லுக்கு 12,210, குத்தகைக்கு 6,000, ஆக 18,210. சொத்து வரி ஏக்கருக்கு 30 டாலர் என்று வைத்தால் 3,600 போகும். மீதி 14,610. களை, மரக்கன்று வேலை, காப்பீடு எதையும் இன்னும் கழிக்கவில்லை. போட்ட முதலுக்கு ஏறத்தாழ 2 சதவீதம். மூவராகப் பிரித்தால் ஆளுக்கு 4,870 டாலர். வங்கிக் கடன் போட்டு வாங்கினால் வட்டிக்கே போதாது. நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் மீதிக் கணக்கு நிற்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகக் (Iowa State University) கணக்கெடுப்பில் மாநிலச் சராசரி விலை 2023இல் ஏக்கர் 11,835 டாலர், 2024இல் 11,467. இறங்கவும் செய்கிறது, பாருங்கள். கையில் இருக்கும் சேமிப்பில், பத்துப் பதினைந்து ஆண்டு எடுக்கத் தேவையில்லாத பணத்தில் வாங்குவதென்றால் வாங்குங்கள். கடன் வாங்கி, அரசு வாடகையில் தவணை கட்டலாம் என்றால் வேண்டாம்.

வரியில் ஒரு நுணுக்கம். இந்த வாடகைக்கு 1099-ஜி என்ற, அரசு கொடுத்த பணத்தைக் காட்டும் வரிப் படிவம் வரும். விவசாயம் செய்யாத நில உரிமையாளருக்கு இது வெறும் வாடகையா, சுயதொழில் வரியும் கட்ட வேண்டிய வருமானமா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2014இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடகை என்றது. அயோவா அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மிச்சமுள்ள 30 ஏக்கரில் நீங்களே பயிர் செய்ய ஆரம்பித்தால் கதை மாறலாம். பண்ணைக் கணக்குத் தெரிந்த தணிக்கையாளரைப் பிடியுங்கள். டி மொயினில் உங்கள் சம்பள வரியைப் போடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வாடகைக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பு உங்களைத் தொடாது. மூவரில் யாருக்காவது மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் மட்டும் தகுதி போகும். வருமானச் சான்றுப் படிவம், பண்ணை நடத்தும் திட்டப் படிவம், மண்ணரிப்பு-சதுப்புநில உறுதிமொழி மூன்றையும் ஒவ்வொருவரும் கொடுத்தால்தான் அவரவர் பங்கு வெளியே வரும்.

அந்தக் கவுண்டிக்காரர்கள் உங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது ரகசியம் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதிவுகளை வைத்து, வாஷிங்டனில் உள்ள சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று கவுண்டி வாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். நகரத்துக்காரன் வந்து வாங்கிப் போட்டுவிட்டு அரசுப் பணத்தை டி மொயினுக்கு எடுத்துப் போகிறான் என்ற மனக்குறை அங்கே உண்டு. அதைப் பொறாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஒரு கவுண்டியில் நிறைய நிலம் புல்லுக்குப் போனால் விதை விற்பவருக்கு வியாபாரம் இல்லை, தானியக் கிடங்குக்கு வரத்து இல்லை, குத்தகைக்கு நிலம் தேடும் இளைஞனுக்கு நிலம் இல்லை. இந்த அடியைத் தடுக்கத்தான் ஒரு கவுண்டியின் உழவு நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது என்று சட்டத்திலேயே வரம்பு வைத்தார்கள். ஆகவே மரம் வெட்டவும், தீ வைக்கவும், களை பார்க்கவும் உள்ளூர் ஆட்களையே வையுங்கள், கேட்கும் கூலியைக் கொடுங்கள். வேட்டைப் பருவத்தில் யார் வரலாம் என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். உங்கள் 30 ஏக்கரைக் குத்தகைக்கு ஓட்டும் விவசாயியை வாங்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். ஒரு காபி குடித்துப் பேசுங்கள். அந்தப் புல்லில் என்ன நடந்திருக்கிறது என்று விற்பவரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மழைக்கு மறுநாள் வேலி ஓரம் போய்ப் பார்த்துச் சொல்லவும் அவர்தான் இருப்பார்.

இனி 2030. உழுதுவிடலாம் என்ற உங்கள் எண்ணம் சட்டப்படி குற்றமில்லை. ஒப்பந்தம் முடிந்தால் நிலம் உங்களுடையது. ஆனால் அந்தச் சரிவுகள் எளிதில் அரிக்கும் நிலம் என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், வேளாண் துறை ஒப்புக்கொண்ட மண் காப்புத் திட்டம் இல்லாமல் உழுதால் பயிர்க் காப்பீட்டு மானியம் உட்படப் பல சலுகைகள் போய்விடும். குத்தகைக்காரருக்கும் அந்த அடி விழும். அதனால் அவரே தயங்குவார். இந்தச் சலுகைக் கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டுக்கூட என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்: பத்தாண்டு வேர் பிடித்த மண்ணை ஒரே வசந்தத்தில் கிழித்துப் போடாதீர்கள். அயோவாவின் பழைய புல்வெளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. விதைத்து வளர்த்த புல் அதற்கு ஈடாகாது. ஆனாலும் காடைக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்கும் இருக்கும் இடம் அதுதான். அந்தப் பூச்சியின் புழு தின்னும் செடி நம் எருக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். அப்பாவுக்குக் காட்டுங்கள், உடனே இனம் கண்டுகொள்வார்.

நடுவழி ஒன்று இருக்கிறது. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சரிவான வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் புல்வெளிப் பட்டைகளாகக் குறுக்கே விட்டு, மீதியில் மக்காச்சோளமும் சோயாவும் போட்டார்கள். ஓடும் நீரில் அடித்துப் போகும் மண் 95 சதவீதம் குறைந்தது. வயலுக்குள் வரப்பு போட்டது போல, புல்லால் வரப்பு. 2018 சட்டத்துக்குப் பிறகு இந்தப் பட்டைகளையும் சிஆர்பியில் சேர்க்கிறார்கள். 2030இல் உங்கள் 74 ஏக்கரில் மேட்டு முகட்டில் இருக்கும் சமதரையை மட்டும் பயிருக்கு விட்டு, சரிவிலும் ஓடை ஓரத்திலும் புல்லை வைத்துக்கொள்ளலாம். அப்போது சட்டம் என்ன நிலையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து அந்தப் பகுதிக்கு மறுபடியும் விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வேலி கட்டி மாட்டுக்காரருக்கு மேய்ச்சலுக்கு விடலாம். தெற்கு அயோவா மாட்டுக்காரர் நிறைந்த ஊர். புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞருக்குக் குத்தகைக்கோ விலைக்கோ விட்டால், முடிந்த ஒப்பந்தத்துக்கு மேல் இரண்டாண்டு வாடகை கூடுதலாகத் தரும் ஏற்பாடும் சிஆர்பியிலேயே இருக்கிறது. எனக்கு மனதுக்குப் பிடித்தது அதுதான். இப்போது குத்தகையில் இருக்கும் 30 ஏக்கரைப் புதிதாகத் திட்டத்தில் சேர்க்க நினைத்தால், வாங்கி 12 மாதம் ஆன பிறகுதான் முடியும். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்க்காதீர்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். எச்1பி நண்பர் இல்லாமல், கடன் இல்லாமல், புல்லை உழுதே தீருவது என்ற முடிவு இல்லாமல் என்றால், வாங்கலாம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கவுண்டி அலுவலகத்துக்குப் போங்கள். ஒப்பந்தம், அதன் பின்னிணைப்பு, பாதுகாப்புத் திட்டம், வரைபடம், கடைசியாக நேரில் பார்த்து எழுதிய குறிப்பு, எல்லாவற்றையும் நகல் கேளுங்கள். அவருடைய அனுமதி இல்லாமல் அவர்கள் தரமாட்டார்கள். அவர் அனுமதி தரத் தயங்கினால் அதிலேயே பாதி விடை இருக்கிறது. வரைபடத்தில் இருக்கும் 74 ஏக்கரும் தரையில் இருக்கும் புல்லும் ஒன்றுதானா என்று எல்லை முழுக்க நடந்து பாருங்கள். வேலி ஓரத்தில் யாராவது இரண்டு சால் உள்ளே தள்ளி உழுதிருப்பார்கள், அடிக்கடி நடப்பதுதான். அதை வாங்குவதற்கு முன் கண்டுபிடித்தால் விற்பவர் பொறுப்பு.

அப்பா இங்கே வரும்போது, இன்னும் பத்திரம் முடியவில்லை என்றால், அவரையும் கூட்டிப் போங்கள். கையில் ஒரு மண்வெட்டி இருக்கட்டும். விற்பவரிடமும் குத்தகை விவசாயியிடமும் கேட்டுக்கொண்டு, சோயா வயலில் ஒரு வெட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் புல்லுக்குள் ஒரு வெட்டு, அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். இரண்டு கட்டியையும் உள்ளங்கையில் வைத்து உதிர்த்துப் பார்க்கட்டும். அதன் பிறகு அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.